தனிக்கறி

கறிக்கடைக்காரருடைய மகள் ஆறு வருஷம் வாழ்ந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில். நான் மாடியில் பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டு தெருப்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டி போன பிறகும் அவள் உள்ளே போகாமல் கடைக்கு முன்னால் நின்றாள். கடையில் நாலைந்து பேர் கறிக்குக் காத்திருந்தார்கள். கறிக்கடைக்காரர் மகளைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைக்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்த தொடையை வெட்டி முடித்து, பொட்டலம் கட்டி, கேட்டவர் கையில் கொடுத்துவிட்டு, "உள்ள போம்மா, அம்மா இருக்கா" என்றார். அவ்வளவுதான். ஏன் வந்தாய் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அவர் வாய் திறந்து பேசிக் கேட்டவர்கள் அந்தத் தெருவில் குறைவு. வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம், அதற்கும் பின்னால் ஒரு குழாயும் துணி துவைக்கிற கல்லும் உள்ள சின்ன முற்றம். மாடி எனக்கு வாடகை. பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். என் தையல் மிஷின் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் முற்றமும், கடைக்குப் பின்னால் ஓடும் சந்தும் தெரியும். காலை ஐந்து மணிக்கு அவர் வெட்டுக்கட்டையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிற சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். உப்பைத் தூவி, தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மறுபடி தேய்ப்பார். ஒரு ஈ உட்காராது. அவருடைய கை அப்படி ஒரு கை. எத்தனை துண்டு போட்டாலும் எல்லாத் துண்டும் ஒரே அளவில் விழும். வேறு கடையில் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூடத் தங்கள் பையை அவர் பார்த்துவிடாதபடி மறைத்துக்கொண்டு போவார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனாலும் மறைப்பார்கள்.

மகள் வந்து இரண்டு மாதம் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். கூப்பிட்டால் எழுந்து வருவாள், கேட்டால் பதில் சொல்வாள், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வாள். அவளுடைய அம்மாதான் மத்தியான நேரத்தில் என்னிடம் மேலே வந்து உட்கார்ந்து கொட்டிவிட்டுப் போவாள்.

"டெய்லரம்மா, இவரு ஆறு வருஷமா வாரம் தவறாம அந்த வீட்டுக்குக் கறி குடுத்தனுப்பினாரு. அதுவும் எப்படி? தனிக்கறி. எலும்பெல்லாம் எடுத்துட்டு, ஜவ்வை உரிச்சுட்டு, கொழுப்பை வழிச்சுட்டு. நம்ம பொண்ணு சாப்பிடுதுன்னு ஒரு சந்தோஷம் அவருக்கு."

"தெரியுமே. ஞாயித்துக்கிழமையானா தனியா ஒரு தூக்குல போகுமே."

"நேத்து சாப்பிட உக்காந்தோம். இவரு நல்ல துண்டாப் பாத்து அவ தட்டுல போட்டாரு. அவ அதை எடுத்து ஓரமா வச்சுட்டு, எலும்பை இழுத்துக்கிட்டா. 'ஏம்மா?'ன்னாரு. 'பழகிடுச்சுப்பா'ன்னா. அங்க எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் சட்டியில ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதானாம் இவளுக்கு. அதைக் குறையாக்கூடச் சொல்லல பாருங்க. மழை பெஞ்சுதுன்னு சொல்ற மாதிரி சொல்றா."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? எழுந்து போயிட்டாரு. கையைக்கூடக் கழுவல."

அந்த வாரம்தான் அவர் நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். ஊருக்கு வெளியே பெரிய ஜாதி நாய்கள் வளர்த்து விற்கிற ஒருவர் இவருடைய கடையில்தான் கழிவுக்கறி வாங்குவார். ஒரு ஈத்தில் கடைசியாக மிஞ்சிய குட்டி. கடை வேனின் முன்சீட்டில், பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, படுத்திருந்த மகளின் வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "யாரும் வாங்கலையாம். நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். துண்டைப் பிரிக்கப் பிரிக்க உள்ளே ஒரு மூக்கும், அதைவிடப் பெரிய நாலு பாதங்களும் வந்தன.

"அப்பா பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருக்காரும்மா" என்று அவள் சொன்னது மாடிக்குக் கேட்டது. கூடவே ஒரு சிரிப்பும். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அன்றிலிருந்து குட்டிக்குப் பெயர் பொட்டலம்.

பொட்டலம் அவளை ஒரு வாரத்தில் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டது. விடியற்காலையில் அதைச் சந்துக்குக் கூட்டிப்போக எழுந்தாள். அது நனைத்த தரையைத் துடைக்கக் குனிந்தாள். தலை சீவினாள். ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, இந்தச் சட்டையைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க, தொளதொளன்னு இருக்கு" என்றாள். அடுத்த மாதம் கடைத்தெரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறு.

குட்டியின் சாப்பாடு அப்பா பொறுப்பு. அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் கடைக்கு முதல் ஆள் வருவதற்கு முன்னால் முதல் வெட்டு அதற்குத்தான். தொடையில் உள்சதை, கொஞ்சம் ஈரல், கொஞ்சம் இருதயம். சவ்வு, நரம்பு ஒன்று இருக்காது. பச்சையாகவே, பொடியாக நறுக்கி, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு முற்றத்துக்குக் கொண்டுவருவார். குட்டி தின்பதை முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்று பார்ப்பார்.

"கட்டிக்கிட்டு வந்து முப்பது வருஷம் ஆச்சு. எனக்கு இப்படி ஒரு துண்டு வெட்டிக் குடுத்திருப்பீங்களா?" என்று மனைவி கேட்பாள்.

"உனக்குப் பல்லு இருக்கு."

"அதுக்கும்தான் பல்லு இருக்கு. ரெண்டு எலும்பைப் போட்டா கடிச்சுக்கிட்டுக் கெடக்குமில்ல? என் செருப்பாவது மிஞ்சும்."

"எலும்பு போட்டு வளக்க இது என்ன தெரு நாயா?" என்றார் அவர். அதற்கு மேல் அந்தப் பேச்சில்லை.

கடைக்கு வருகிறவர்கள் குட்டியைப் பார்த்துவிட்டு, "ராஜா வீட்டுக் கன்னுக்குட்டி மாதிரி இருக்கு, என்ன போடுறீங்க?" என்று கேட்பார்கள். "கறிதான்" என்பார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லும் விதத்தில் கொஞ்சம் கர்வம் இருக்கும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தோல் பளபளவென்று இருந்தது. உடம்பு கனத்தது.

மூன்றரை மாதத்தில் முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்தன. பாதம் தட்டையாகப் படிந்து, நடக்கும்போது சேற்றில் நடப்பதுபோல நடந்தது. பிறகு ஒரு காலைத் தூக்கிக்கொண்டது. கையில் தூக்கினால் கத்தியது. மகள் லீவு போட்டுவிட்டு நாய் டாக்டரிடம் கூட்டிப்போனாள். திரும்பி வந்தவள் நேரே என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். கையில் எக்ஸ்ரே உறை.

"அக்கா, எலும்பே இல்லக்கா."

"என்ன சொல்றே?"

"எலும்பு வெள்ளையாத் தெரியணுமாம். இதுக்குச் சதை எந்த நிறமோ அதே நிறம்தான் எலும்பும். பாருங்க." ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். எனக்கு என்ன தெரியும்? புகை மாதிரி இருந்தது. "வெறும் கறி மட்டுமே போட்டீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். வளர்ற குட்டிக்குக் கறியில சுண்ணாம்புச் சத்து பத்தாதாம். சாப்பாட்டுல கிடைக்கலேன்னா உடம்பு அதோட எலும்புலேருந்தே உருவிக்குமாம். அப்படி உருவி உருவி, ரப்பர் மாதிரி ஆயிடுச்சுன்னாங்க."

"சரியாகாதா?"

"ஆகும்னாங்க. வீட்டுச் சாப்பாடு போடறது தப்பில்ல, எது எவ்வளவுன்னு கணக்குத் தெரிஞ்சு போடணும், இப்ப இருக்கிற நிலைமையில அந்தப் பரீட்சை எல்லாம் வேண்டாம்னு இந்தப் பையைக் குடுத்தாங்க. இதைத் தவிர வேற எதுவும் வாயில வைக்கக்கூடாதாம். ரெண்டு மூணு மாசம் குதிக்காம, ஓடாமப் பாத்துக்கிட்டா எலும்பு கட்டிக்குமாம்."

பையில் குட்டியூண்டு பழுப்பு உருண்டைகள். மோந்து பார்த்தேன். காய்ந்த கருவாட்டையும் மாவையும் சேர்த்து வைத்ததுபோல் ஒரு வாடை.

அன்று சாயங்காலம் கீழே பேச்சு நடந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை.

"அம்பது வயசுலேருந்து எழுபது வயசு வரைக்கும் ஆளுங்க என்கிட்ட வந்து 'நீ சொல்லு, எந்தக் கறி நல்லா இருக்கும்'னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. எனக்கு டாக்டர்னு ஒரு சின்னப் பொண்ணு கறியைப் பத்திப் பாடம் எடுக்குது" என்றார் அவர். அவர் அத்தனை வார்த்தையைச் சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அவங்க படிச்சவங்கப்பா."

"நான் வெட்டினவன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? மோந்து பாரு இதை. மில்லுல கூட்டி அள்ளினது. இதைத் தின்னா எலும்பு வருமா? காட்டுல இருக்கிற புலிக்கு எவன் பை வாங்கிக் குடுக்கிறான்?"

"புலி எலும்போட சேத்துத் தின்னுதுப்பா. நாம எலும்பை எடுத்துட்டுல்ல போட்டோம்."

அவர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்த சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் தணிந்து வந்தது. "அப்பா, உங்களைக் குத்தம் சொல்லல. எனக்கும்தான் தெரியல. இனிமே இதை மட்டும் போடுங்க. மத்தியானத்துக்கு ஒரு கப் அளந்து மூடி வச்சுட்டுப் போறேன். எனக்காகப்பா."

"சரிம்மா" என்றார். "நீ சொல்ற மாதிரியே."

அவள் நம்பினாள். சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரே சொல்லும் மனிதர். நம்பாமல் என்ன செய்வாள்?

பத்து நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கடை மூடியிருந்தது. சந்தில் நாய்கள் உறுமுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவர் சந்தில் நின்று, மகள் அளந்து வைத்துவிட்டுப் போன அந்தக் கப்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மூன்று தெரு நாய்கள் உருண்டைகளை நக்கிப் பொறுக்கிக்கொண்டிருந்தன. காலி கப்பை உள்ளங்கையில் தட்டிவிட்டு முற்றத்துக்கு வந்தார். துவைக்கிற கல்லின் மேல் எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அதில் ஈரலும் சதையும். பொட்டலத்துக்கு முன்னால் வைத்தார். அது வாலை ஆட்டிக்கொண்டே தின்றது. மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது தின்று முடித்ததும் கிண்ணத்தை எடுத்துக் குழாயடியில் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள்.

அவர் நிமிர்ந்தபோது என் ஜன்னலைப் பார்த்தார். நான் சட்டென்று உட்கார்ந்து மிஷினை மிதித்தேன். ஊசியில் நூல்கூடக் கோத்திருக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். வாடகைக்கு இருப்பவள் வீட்டுக்காரர் விஷயத்தில் தலையிடக்கூடாது என்று நினைத்தேன். அப்பன் மகள் நடுவில் நாம் யார் என்று நினைத்தேன். இதெல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் வேறொன்றும் இருந்தது. அந்த உருண்டைகளையும் பார்த்து, அந்தச் சிவந்த ஈரலையும் பார்த்தபோது, அவர் செய்வதுதான் சரி என்று எனக்கும் தோன்றியது. பையில் அடைத்து வருவதைவிடக் கண்ணெதிரே வெட்டின கறி கெடுதல் செய்யுமா என்ன?

மகள் மாலையில் வந்து, கை கால் கழுவி, ஒரு கப் அளந்து, கொஞ்சம் வெந்நீர் விட்டு ஊறவைத்துக் குட்டியின் முன்னால் உட்காருவாள். காலையிலும் அப்படித்தான். அது மோந்து பார்க்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு விடியற்காலை ஐந்து மணிக்கே வயிறு நிறைந்திருக்கும், மாலை ஐந்தரைக்கு இன்னொருமுறை நிறைந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு உருண்டையாக எடுத்து வாயோரத்தில் வைப்பாள். "ஒண்ணே ஒண்ணுடா. எனக்காகடா. என் தங்கமில்ல." மூன்று நான்கு தின்னும், அவளுடைய முகத்துக்காக. அதைப் பார்த்துக்கொண்டே அவர் கத்தி தீட்டுவார்.

"பாரு, அதுக்கே பிடிக்கல" என்றார் ஒருநாள்.

"பசிச்சா தின்னும்னு டாக்டர் சொன்னாங்கப்பா."

"பட்டினி போட்டு வளக்கணுமா?"

அவள் அழுதுவிட்டாள். என்னிடம் வந்து, "சாப்பிடவே மாட்டேங்குதுக்கா. ஆனா இளைக்கவும் இல்ல. உள்ளுக்குள்ள வேற ஏதாவது வியாதி இருக்குமோ?" என்று கேட்டாள். "பழகிடும்" என்றேன்.

ஆறு வாரம் இப்படிப் போனது. கால் வளைவு கூடியதா குறைந்ததா என்று தினமும் பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை. அவள் வேலைக்குப் போகும்போது அதை முற்றத்தில் ஒரு சணல் சாக்கின் மேல் கட்டிப்போட்டுவிட்டுப் போவாள். அன்று சனிக்கிழமை. கயிறு எப்படியோ அவிழ்ந்திருந்தது. அவள் செருப்புச் சத்தம் சந்துப் பக்க வாசலில் கேட்டதும் அது அடுக்களைக்குள்ளிருந்து ஓடிவந்தது. அடுக்களையிலிருந்து முற்றத்துக்கு ஒரே ஒரு படி. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அந்தப் படியிலிருந்து அவளை நோக்கித் தாவியது.

அந்தச் சத்தத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. நான் இறங்கி ஓடினபோது அது முன்னங்கால்களால் தரையைப் பறண்டிக்கொண்டு அவள் பக்கம் நகரப் பார்த்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் அதனுடையதாக இல்லை.

"தொடாதீங்க, யாரும் தூக்காதீங்க" என்றாள் அவள். என் துணி வெட்டும் பலகையைக் கொண்டுவந்தேன். அதில் மெதுவாக நகர்த்திப் படுக்கவைத்து, என்னிடமிருந்த சீருடைத் துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டினோம். அவர் வேனை எடுத்தார். பின்னால் கறி கொண்டுவருகிற தகரத் தரையில் நானும் அவளும் பலகையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவளுடைய அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கடைத்தெருத் திருப்பத்தில் வண்டி குலுங்கியது. பொட்டலம் கழுத்தை நீட்டி வாந்தி எடுத்தது. பலகையிலும் என் புடவையிலும் விழுந்தது. செரிக்காத ஈரல். பச்சைச் சதை. சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரே அளவு.

அவள் அதையே பார்த்தாள். ஒரு துண்டை விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அப்படி வெட்ட அந்தத் தெருவில் ஒருவரால்தான் முடியும். அது அவளுக்குக் குழந்தையிலிருந்து தெரிந்த வெட்டு. தலையைத் தூக்கி முன்சீட்டைப் பார்த்தாள். கண்ணாடியில் அவருடைய கண்கள் இருந்தன. அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

டாக்டர் இளம்பெண்தான். புது எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகிவிட்டு வெகுநேரம் நின்றார். "முதுகெலும்பு நொறுங்கியிருக்கு. உள்ள நரம்பும் போயிடுச்சு" என்றார். பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திக் காட்டினார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆறு வாரமா பாக்கெட் சாப்பாடுதானே போட்டீங்க?"

"ஆமா டாக்டர். நானே அளந்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"அப்படியிருந்தா எலும்பு இதுக்குள்ள கொஞ்சமாவது கட்டியிருக்கணும். முதல்ல எடுத்த படத்தைவிட மோசமா இருக்கு. அதான் எனக்குப் புரியல."

கதவோரம் நின்ற அவர் தொண்டையைச் செருமினார். "நான்தான் கறி போட்டேன்."

டாக்டர் அவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. அலுத்துப்போன குரலில், "ஐயா, நான் கறி விஷம்னு சொல்லல. ரெண்டு மாசம் பொறுத்துக்கங்கன்னுதான் சொன்னேன்" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

இனி அது எழுந்து நடக்காது, மூத்திரம்கூடத் தானாக வராது, வலி ஊசி போட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று சொல்லி, முடிவை அவளிடம் விட்டார்.

"வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார் அப்பா. "நான் பாத்துக்கறேன். ராத்திரி பகல் நான் பாத்துக்கறேன். கடையை மூடிட்டுக்கூட..."

"வேண்டாம்ப்பா."

"தூக்கி வச்சுச் சுத்தம் பண்ணி..."

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

அவர் வெளியே போனார். அவள் பலகைக்குப் பக்கத்தில் மண்டிபோட்டுக் குட்டியின் காதை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் ஊசி போட்டார். அது அவளுடைய கையை நக்கிக்கொண்டிருந்தது. நக்குவது நின்றதும்தான் முடிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது.

வராந்தா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் போய் எதிரில் நின்றாள்.

"ஏம்ப்பா?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வீட்டுல உனக்கு எலும்பைப் போட்டாங்க" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"அதுக்கு?"

"உன்னோடதுன்னு ஒண்ணு... அதுக்காவது நல்லதா..."

"நான் வேண்டாம்னு சொன்னேன்ப்பா. உங்ககிட்ட கெஞ்சினேன்."

"நல்லதுன்னு நெனச்சேன்."

"அங்கயும் எனக்கு நல்லதுன்னுதான் எல்லாம் செஞ்சாங்க" என்றாள். "நீங்களும் நல்லதுன்னுதான் அங்க அனுப்பினீங்க. ஆனா அவங்க செஞ்சதை என் மூஞ்சிக்கு நேரா செஞ்சாங்கப்பா. நான் தினமும் அந்தப் பிள்ளை முன்னாடி உக்காந்து ஒவ்வொண்ணா ஊட்டினேன். நீங்க பக்கத்துல உக்காந்து கத்தி தீட்டினீங்க."

அவர் எழுந்து வேனை எடுக்கப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் நின்று அவள் தாயைக் கேட்டாள். "அம்மா, உனக்கும் தெரியும்ல?"

தாய் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் எப்போதோ போய்விட்டது. "அவரு மனசு நோகக்கூடாதுன்னு..." என்றாள்.

"சரி" என்றாள் மகள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குரல் உயர்ந்து நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் அவள் ஒழுங்காக வேலைக்குப் போய் வந்தாள். போட்டதைச் சாப்பிட்டாள். அப்பா கேட்டால், "ஆமாங்கப்பா", "சரிங்கப்பா" என்றாள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது என்று நினைக்கிறேன். அவர் தட்டில் வைக்கிற துண்டை ஒதுக்காமல் தின்றாளாம். எலும்பை இழுத்துக்கொண்டிருந்தால்கூட அவருக்கு ஏதோ மிச்சமிருப்பதாகத் தோன்றியிருக்கும். மருந்துக்கடைக்கு வேறு ஊரில் ஒரு கிளை இருந்தது. அங்கே ஆள் வேண்டும் என்று கேட்டதும் இவளே பெயர் கொடுத்துவிட்டாள். போகிற அன்று மேலே வந்து, "வரேன்க்கா" என்றாள். உட்காரவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று எனக்குள் திக்கென்றது. "சீருடைத் துணியைக் கிழிச்சீங்களே, ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் போய் ஒரு மாதம் இருக்கும். மத்தியானம். கறிக்கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் மேலே வந்தது மூன்றோ நாலோ தடவைதான்.

"நாளைக்குத் தண்ணித் தொட்டி கழுவுறாங்க. காலையிலேயே பிடிச்சு வச்சுக்கங்க, டெய்லரம்மா."

"சரிங்க."

சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார். ஆனால் போகவில்லை. தைத்து மடித்து வைத்திருந்த சட்டைகளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் வந்து நின்றார். கீழே முற்றத்தையும் சந்தையும் பார்த்தார். சந்தில் நாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அந்த உருண்டைகளைத் தின்ற ஆறு வாரத்தில் அவற்றுக்குத் தோல் மினுங்கியிருந்தது. சொறி மறைந்து, முதுகில் புது மயிர் வந்திருந்தது. அதை நான் கவனித்திருந்தேன். அவரும் கவனித்திருப்பார்.

"இங்கேருந்து எல்லாம் தெரியுது" என்றார்.

நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

"அன்னிக்கு நீங்க பாத்தீங்க."

"பாத்தேன்."

"நீங்க பாத்தது எனக்கும் தெரியும். இன்னிக்குச் சொல்லிடுவாங்க, நாளைக்குச் சொல்லிடுவாங்கன்னு இருந்தேன். அவ உங்ககிட்ட வந்து உக்கார்றப்பல்லாம் நினைச்சேன். இறங்கி வந்து சண்டை போடுவா, போட்டா போடட்டும்னு இருந்தேன்." அவருடைய குரல் உடைந்தது. "ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன். அவர்மேல் கோபம் வந்தது. அவர் கேட்டது நியாயம்தான் என்பதால் வந்த கோபம்.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

யோசித்தார். பொய் சொல்லி முடித்துவிடக்கூடிய இடம்தான் அது. நானும் நம்புவதுபோல் தலையாட்டியிருப்பேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டேன்" என்றார். "கொட்டுற இடத்தை மாத்தியிருப்பேன்."

பிறகு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.